கரை ஈயின் மேல் வளரும் நுண்பூஞ்சை

குளக்கரையிலும் உப்பளச் சேற்றிலும் மொய்க்கும் சின்னஞ்சிறு ஈக்களை விலங்கியலார் எஃபிட்ரிடே என்னும் குடும்பத்தில் அடக்குவர். கரை ஈக்கள் எனப்படும் இவற்றுள் ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினால், காலிலோ வயிற்றிலோ மஞ்சள் கலந்த பழுப்பு நிற முளைகள் சிலபோது தென்படும். மயிர் என்றே முதலில் எண்ணத் தோன்றும். அரை மில்லிமீட்டரைக்கூடப் பெரும்பாலும் எட்டாத அந்த முளை ஒவ்வொன்றும் ஒரு முழுமையான ஒட்டுண்ணிப் பூஞ்சையாகும்.

லபுல்பேன் என்னும் பிரெஞ்சுப் பூச்சியியலாரின் பெயரால் 1853இல் லபுல்பேனியா என்னும் பேரினம் நிறுவப்பட்டது. அதைச் சார்ந்த இவ்வகையில் இன்று 2,000க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. எனினும் இவற்றைப் பூஞ்சை என ஏற்க அறிஞருலகம் தயங்கியது. வௌவால்களின் மேல் வாழும் ஈக்களிற் கண்டவற்றை 1857இல் கொலெனாத்தி புழுக்கள் என்றே எழுதிவைத்தார். அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஏனைய பூஞ்சைகள் நூலிழைகளாகப் படரும். இதற்கு இழையே இல்லை. இரண்டு அணுக்களே கொண்ட வித்தொன்று ஈயின் மேலோட்டில் ஒட்டி, வரையறுத்த ஒழுங்கில் பிளவுற்று, வரையறுத்த வடிவுடன் நின்றுவிடுகிறது. இனங்காணுதல் இவ்வொழுங்கையே சார்ந்துள்ளது.

நுண்ணூசியால் முளையைப் பெயர்த்து, கிளிசரின் துளியில் இட்டு நுண்ணோக்கியில் நோக்க வேண்டும். கரை ஈக்களில் மிகுதியாகக் காணப்படும் ஸ்டிக்மட்டோமைசஸ் பேரினமாயின், அடியில் சில அணுக்களாலான தண்டும், ஒரு புறம் குடுவை வடிவ ஆண் அணுக்கள் வரிசையுற்ற கிளையும், மறுபுறம் கழுத்து நீண்ட வித்துப்பையும் இருக்கும். அரபு எழுத்துகளில் பா, தா, ஸா மூன்றுக்கும் உடல் ஒன்றே. புள்ளிகளே பிரித்துக் காட்டும். இங்கும் கழுத்தின் நீளமும் நுனியின் அமைப்புமே அப்புள்ளிகள். வித்துப்பை முதிராத இளம்பூஞ்சைக்குப் பெயரிடுவது புள்ளியிடாத எழுத்தை ஊகித்து வாசிப்பதற்கு ஒப்பாகும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. வீட்டு ஈயின் மேல் வாழும் இதே பேரினத்துப் பூஞ்சை ஆண் ஈயின் கால்களிலும் பெண் ஈயின் முதுகுப்புறத்திலும் மிகுந்திருப்பதை 1870களில் பெய்ரிட்ஷ் கண்டறிந்தார். புணர்ச்சியின்போது அது தொற்றுவதே காரணம். வளரும் இடம் மாறினால் தோற்றமும் சற்று மாறக்கூடும். ஆகவே ஒற்றை மாதிரியைக் கொண்டு புதிய இனம் அறிவிப்பதை நாம் ஏற்பதற்கில்லை. அணுக்கள் மிகச் சில, சுவரோ கருமையானது. அதனால் மரபணுச் சோதனையும் எளிதாகக் கைகொடுப்பதில்லை.

1896 முதல் 1931 வரை ஐந்து பாகங்களாக இவற்றை விவரித்த ஹார்வர்டு பேராசிரியர் தாக்ஸ்டர், எந்தப் பூச்சியின் எந்த உறுப்பில் கண்டது என்பதையும் பதிவு செய்தார். பெரும்பாலான இனங்கள் ஒரே பேரினத்து ஈக்களையோ அவற்றின் நெருங்கிய உறவுகளையோ மட்டும் பற்றுவன. பூஞ்சையை எடுத்துக்கொண்டு ஈயை எறிந்துவிட்டால், சான்றில் பாதி போய்விடும்.