பாட்டின் உள்ளுறை

இன்பம் வந்தபொழுது மனிதன் பாடுகிறான். துன்பம் வந்தபொழுதும் பாடுகிறான். ஆதலின், பாடுவோர் எல்லாரும் மகிழ்ந்திருக்கின்றனர் என்று எண்ணுவது பிழையாகும். அப்பிழையைக் கண்டு வியந்து எழுதியவர் பிரடெரிக் டக்ளஸ் என்னும் பெரியார்.

டக்ளஸ் அமெரிக்க நாட்டில் அடிமையாகப் பிறந்தவர். 1838-ஆம் ஆண்டில் தப்பி வட மாநிலங்களை அடைந்தவர். அடிமை முறையை ஒழிக்க அரும்பாடுபட்டவர். தோட்டங்களில் உழைத்த அடிமைகள் பாடினர் என்பதைக் கொண்டே, அவர்கள் மனநிறைவோடு வாழ்ந்தனர் என்று வடபுலத்தார் சிலர் கருதினர். 1845-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் டக்ளஸ் இக்கருத்தை மறுத்தார். துயரம் மிகுந்தபொழுதுதான் அடிமைகள் மிகுதியாகப் பாடினர் என்றும், அழுவதால் நெஞ்சின் பாரம் குறைவதுபோலப் பாடுவதால் அவர்தம் துயரம் சிறிது தணிந்தது என்றும் அவர் விளக்கினார்.

தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதைச் சட்டமே தடுத்தது. விடுதலை வேட்கையை வாய்விட்டுக் கூறுவோர்க்குச் சவுக்கடி காத்திருந்தது. ஆகவே, அவர்களுடைய பாட்டு இரு பொருள் தாங்கி நின்றது. விவிலிய நூலில் கானான் என்பது இறைவன் தன் மக்களுக்கு வாக்களித்த நாடு. கானானைப் பற்றிப் பாடியபொழுது, தாமும் தம் தோழரும் அடிமை முறை இல்லாத வட மாநிலங்களையே கருதியதாக டக்ளஸ் 1855-இல் எழுதினார். தோட்ட மேற்பார்வையாளனுக்கு அது பக்திப் பாட்டு. பாடியவர்க்கோ விடுதலைப் பாட்டு! வெளிப்படையான பொருளுக்கு அடியில் வேறொரு பொருள் மறைந்து நிற்பதை நம் அகப்பாடல்களில் உள்ளுறை என்பர். அச்சொல் இப்பாடல்களுக்கும் பொருந்துமன்றோ?

1865-இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் வேற்றுமை ஒழியவில்லை. தென் மாநிலங்களில் பள்ளி, பேருந்து, உணவு விடுதி, திரையரங்கு முதலிய இடங்களில் கறுப்பின மக்கள் நெடுங்காலம் ஒதுக்கி வைக்கப்பட்டனர். அவர்களுடைய தேவாலயப் பாட்டு, 1950-ஆம் ஆண்டுகளில் உலகியல் பாட்டோடு கலந்து, 'சோல்' என்னும் புதிய இசையாக மலர்ந்தது. சோல் என்பதற்கு ஆன்மா என்பது பொருள்.

இவ்விசையை வளர்த்தவருள் ஒருவர் சாம் குக். 1963-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகருக்கு அவர் தம் மனைவியோடும் இசைக்குழுவினரோடும் சென்றார். முன்னரே அறைக்குச் சொல்லி வைத்திருந்தும், ஒரு விடுதி அவர்களுக்கு இடம் மறுத்தது. அவர் எதிர்த்துப் பேசினார். அமைதியைக் குலைத்தார் என்று கைது செய்யப்பட்டார். புகழும் செல்வமும் பெற்ற பாடகருக்கே இந்நிலை என்றால், ஏழை எளியவர் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

அடுத்த ஆண்டு ஜனவரி மாதத்தில் சாம் குக் ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்தார். மாற்றம் வரப்போகிறது என்னும் பொருளுடையது அதன் தலைப்பு. அப்பாட்டின் தொடக்கத்தில் ஓர் ஆறு வருகிறது. வரலாறு அறியாதவன் அதனை வெறும் ஆறு என்றே கொள்வான். ஆனால், குக் தேவாலயப் பாடகராக வளர்ந்தவர். அவ்விசை மரபில் ஆறு என்றவுடன், துன்பக் கரையையும் விடுதலைக் கரையையும் பிரிக்கும் யோர்தான் ஆறு கேட்போர் நினைவில் எழும். பொது இடத்தில் நடமாடும் மனிதன் விரட்டப்படுவதைக் கூறும் பகுதியும் அப்பாட்டில் உண்டு. அது கற்பனையன்று, ஷ்ரீவ்போர்ட்டில் அவரே அடைந்த அவமதிப்பு அதில் ஒலிக்கிறது. 1964 டிசம்பர் 11-ஆம் நாள் சாம் குக் சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாள்களில் அப்பாட்டு தனி இசைத்தட்டாக வெளிவந்தது. அதில் அந்தப் பகுதி நீக்கப்பட்டிருந்தது! எது நீக்கப்பட்டது என்று அறிந்தபின், பாட்டின் வன்மை நமக்கு மேலும் விளங்குகிறது.

பாடுவோர் மாறினால் பொருளும் மாறும். மதிப்பு என்னும் பொருளுடைய 'ரெஸ்பெக்ட்' என்ற பாட்டை இயற்றி 1965-இல் முதலில் பாடியவர் ஓட்டிஸ் ரெட்டிங். அது, உழைத்து வீடு திரும்பும் ஆடவன் தன் இல்லாளிடம் மதிப்பை வேண்டும் பாட்டு. 1967-இல் அரீதா பிராங்க்ளின் அதனைச் சில மாற்றங்களோடு பாடினார். ஒரு பெண் பாடியதும், வேண்டுகோள் உரிமைக் குரலாயிற்று. பெண்களும் கறுப்பின மக்களும் அதனைத் தம் பாட்டாகவே கொண்டனர்.

1973-இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 'ஹிப்-ஹாப்' என்னும் கலை தோன்றியது. தாளத்திற்கு இயைய விரைந்து சொற்களை அடுக்கும் 'ராப்' இதன் ஓர் உறுப்பாகும். இதில் முன்னோர் பாட்டையும் நூலையும் நினைவூட்டும் குறிப்புகள் மலிந்துள்ளன. 1989-இல் பப்ளிக் எனிமி குழுவினர் பாடிய 'பைட் த பவர்' என்னும் தலைப்பு, 1975-இல் ஐஸ்லி சகோதரர் பாடிய பாட்டின் தலைப்பேயாகும். கென்ட்ரிக் லமார் 2015-இல் வெளியிட்ட 'ஆல்ரைட்' என்னும் பாட்டின் தொடக்கம், ஆலிஸ் வாக்கர் 1982-இல் எழுதிய 'த கலர் பர்ப்பிள்' என்னும் நாவலில் ஒரு பெண் தன் போராட்டத்தைக் கூறும் சொற்களை நினைவூட்டுகிறது. நாவலை அறிந்தவர்க்கு அவ்வடியில் ஒரு தலைமுறையின் துயரமே கேட்கும். காவல்துறையின் கொடுமையை எதிர்த்து ஊர்வலம் சென்ற இளைஞர் அவ்வாண்டிலேயே அப்பாட்டைப் பாடினர். லமாரின் மற்றோர் இசைத்தொகுப்பு 2018-இல் புலிட்சர் பரிசு பெற்றது.

உள்ளுறை தேடுவோர்க்கு எச்சரிக்கையும் வேண்டும். சுரைக்குடுவையைப் பின்பற்றிச் செல்லுமாறு கூறும் நாட்டுப்பாட்டு ஒன்று உண்டு. குடுவை என்பது வடதிசை காட்டும் ஏழு விண்மீன்களைக் குறிக்கும் என்றும், தப்பியோடிய அடிமைகளுக்கு அப்பாட்டு வழிகாட்டியது என்றும் பலர் கூறுவர். கேட்க இனிய விளக்கமே! ஆனால், அப்பாட்டு முதன்முதலில் அச்சேறியது 1928-இல். அடிமை முறை ஒழிந்து அறுபது ஆண்டுகளுக்கும் பின்னர். ஆகவே, வரலாற்றறிஞர் சிலர் இவ்விளக்கத்தை ஐயுறுகின்றனர். சான்று இல்லாத பொருளைப் பாட்டின்மேல் ஏற்றுதல், இருக்கும் பொருளைக் காணாமல் விடுதலைப் போன்றே குற்றமாகும்.

மாணவர்களே! அயலார் பாட்டு ஒன்று உங்கள் செவியில் விழும்பொழுது மூன்று வினாக்களை எழுப்புங்கள். இதனைப் பாடுபவர் யார்? எந்த இடத்தில், எந்தக் காலத்தில் பாடினார்? எந்தப் பழைய பாட்டையோ நிகழ்ச்சியையோ இது நினைவூட்டுகிறது? இவற்றிற்கு விடை தேடியபின் மீண்டும் ஒருமுறை கேளுங்கள். அடிமைகள் பாடியதை மகிழ்ச்சி என்று எண்ணியவர்கள் செவிடர் அல்லர், இவ்வினாக்களை எழுப்பாதவர்கள். அந்தத் தவற்றை நாம் செய்யாதிருப்போமாக!