வண்ணம் உங்களுடையது, சித்திரம் யாருடையது?

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலோடு கலக்கும் இடத்தருகே புனித டேவிட் கோட்டையின் சிதைவுகள் உள்ளன. 1690-ல் மராட்டியரிடமிருந்து அதனை விலைக்கு வாங்கிய ஆங்கிலேயக் கம்பெனி, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை தனதென்று எல்லை வகுத்துக்கொண்டது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அக்கோட்டையைக் கைப்பற்றித் தகர்த்தார். குண்டு விழுந்த இடமெல்லாம் எனது என்னும் அதே கணக்கைத்தான், இன்று கணினியில் சித்திரம் செய்யும் நம் பிள்ளைகள் பலர் அறியாமலே கையாளுகின்றனர்.

வாசகர்களே, பிறர் எடுத்த புகைப்படமொன்றை இணையத்திலிருந்து எடுத்து, நிறம் மாற்றி, வானில் ஒரு பிறையையும் சேர்த்துவிட்டால் அது புதுப் படைப்பாகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கலைப் படைப்பை மாற்றியமைக்கும் உரிமையையும் உரிமையாளருக்கே அளிக்கிறது. படைத்தவரின் ஆயுட்காலத்திற்குப் பின்னும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். 2012-ல் வந்த திருத்தத்திற்குப் பின் புகைப்படங்களுக்கும் இதே கணக்குத்தான். தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு.

அக்கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் வரையப்பட்ட அதன் வரைபடங்களுக்கு உரிமைக்காலம் என்றோ முடிந்துவிட்டது. தாராளமாக வண்ணம் தீட்டலாம். சென்ற ஆண்டு ஒருவர் எடுத்த புகைப்படம் அப்படியன்று. நீங்களே நேரில் சென்று படமெடுத்தால் அதன் உரிமை உங்களுடையது. வெள்ளிக் கடற்கரைக்குப் பேருந்துக் கட்டணம் ஒன்றும் அதிகமில்லை!

நிக்காஹ் அழைப்பிதழ் வடிவமைத்துச் சம்பாதிக்கும் சகோதரிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திருமறை வசனத்திற்கு எவரும் பதிப்புரிமை கோர முடியாது. ஆனால், ஒரு கலைஞர் அதனை எழுதிய எழுத்தணி அவருடைய உழைப்பு. இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்களிலும் சில, சொந்த உபயோகத்திற்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. கிரியேட்டிவ் காமன்ஸ் அனுமதியுடன் வெளியாகும் படங்களில் சிலவற்றை விற்கக் கூடாது; சிலவற்றை மாற்றவே கூடாது.

2024-ல் வெளிவந்த 'லால் சலாம்' படத்தின் பாடலொன்றில், 1997-ல் மறைந்த மர்ஹூம் ஷாகுல் ஹமீதின் குரல் செயற்கை நுண்ணறிவால் மீண்டும் ஒலித்தது. பம்பா பாக்யாவின் குரலும் அவ்வாறே. குரலுக்கெனப் பதிப்புரிமைச் சட்டத்தில் தனி விதியில்லை. எனினும், இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் அனுப்பியதாக ஏ.ஆர்.ரஹ்மான் அறிவித்தார்.

அனுமதியை வாய்ச்சொல்லோடு விட்டுவிடாமல் எழுத்தில் வாங்குங்கள். எதை மாற்றலாம், எத்தனை பிரதிகள், எவ்வளவு காலம், எந்தெந்த நாடுகள் என்பவை அதில் இருக்கட்டும். காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், நாடு குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றுமே சட்டம் கொள்ளும். துபாயிலோ சிங்கப்பூரிலோ உள்ள உறவினர்மூலம் விற்க நினைப்பவர்கள், அந்நாடுகளின் பெயரையும் கடிதத்தில் எழுதச் செய்யுங்கள்.