கரன்ட் காரும் நானும்!

நான் பிளஸ் 2 வரை படித்த இல்லத்தரசி. வயது 37. திருச்சியில் வசிக்கிறோம். என்னவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வீட்டில் மாமியார், எட்டாவது படிக்கும் மகள், நாங்கள் இருவர். 2023-ல் எங்கள் வீட்டுக்குப் பச்சை நம்பர் பிளேட் போட்ட கரன்ட் கார் வந்தது. அதை வைத்துக் கொண்டு நான் பட்ட பாட்டைத்தான் சகோதரிகளோடு பகிர்ந்து கொள்ள எழுதுகிறேன். எந்த கம்பெனி கார் என்று கேட்காதீர்கள், அது வேண்டாமே.

பெட்ரோல் லிட்டர் நூறைத் தாண்டிய பிறகு, பழைய காரை எடுக்கும் போதெல்லாம் என்னவர் முகம் சுண்டிப் போகும். கரன்ட் கார் என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், தமிழ்நாட்டில் சாலை வரியும் கிடையாது என்று ஷோரூமில் சொன்னதும் மனிதர் மயங்கி விட்டார். பழைய காரைக் கொடுத்து, என் இரண்டு வளையலை அடகு வைத்து, மீதிக்குக் கடன் போட்டு வாங்கினோம். (வளையல் திரும்பி வந்து விட்டது. கடன் இன்னும் ஓடுகிறது.)

சின்ன கார்தான். பேட்டரி 24 யூனிட் பிடிக்கும். விளம்பரத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரை நம்பாதீர்கள். ஏசி போட்டு ஊருக்குள் ஓட்டினால் 190 கிலோமீட்டர் வரும். பைபாஸில் 80, 90 வேகத்தில் போனால் அதுவும் குறையும். வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் ராத்திரி சொருகினால் காலையில் ஃபுல். எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும்.

முதல் மாதம் மாமியார் அந்தப் பக்கமே வர மாட்டார். மழை பெய்தால் போதும், "ஏம்மா, ஒயரைப் புடுங்கிப் போடு, ஷாக் அடிச்சுரும்" என்று வாசலிலிருந்தே குரல் கொடுப்பார். சொருகி முழுதாகப் பூட்டிக் கொண்ட பிறகுதான் அதில் கரன்டே பாயும் என்று விளக்கிச் சொன்னோம். நம்பவில்லை. இப்போது, "வண்டிக்கு சோறு போட்டாச்சா?" என்று அவர்தான் ஞாபகப்படுத்துகிறார்!

சத்தமே இல்லாத வண்டி. அதுவும் ஒரு தொல்லை. தெருவில் மாடு நகராது, பாட்டி நகர மாட்டார். ஹாரன் அடித்தால், "எப்படிம்மா பூனை மாதிரி வந்து நிக்குற?" என்று திட்டு.

இனி கணக்குக்கு வருகிறேன். அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

நம் ஊரில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். 500-ஐத் தாண்டி விட்டால், கீழே கிடைத்த சலுகை விலையும் போய் விடும். கார் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் 230, 240 யூனிட் ஆகும். கார் வந்த பின், கடைக்கும் பள்ளிக்கும் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதில் இன்னொரு 270 யூனிட் கூடி விட்டது. ஆக, ஒவ்வொரு முறையும் 500-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நூலிழையில் நிற்போம். நான் தினம் காலையில் மீட்டரைப் பார்த்து காலண்டரில் குறிப்பேன். ரீடிங் எடுக்க நாலு நாள் இருக்கும் போது 490 என்றால் மிக்சியைக் கூட யோசித்துத்தான் போடுவேன். காரைச் சொருகவே மாட்டேன். ரீடிங் எடுத்த அன்று ராத்திரிதான் சொருகுவது. இதில் எனக்குப் பெருமை வேறு.

போன ஆண்டு கார்த்திகை மாதம் ஒரு நாள். மீட்டரில் 494. மறுநாளோ அதற்கடுத்த நாளோ ரீடிங் எடுக்க வருவார்கள். காரில் 41 சதவீதம் இருந்தது. ஊருக்குள் அது தாராளம் என்று விட்டு விட்டேன். என்னவர் கிரைண்டர் ஆர்டர் விஷயமாகக் கோவை போயிருந்தார்.

மாலை ஏழு மணிக்கு அண்ணியிடமிருந்து போன். என் அம்மா வீடு மேலூர் பக்கம் கிராமம். அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். "அத்தை பின்கட்டுல வழுக்கி விழுந்துட்டாங்க. மயக்கமா இருக்காங்க. 108-ல மேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க உடனே கிளம்பி வாங்க" என்று அழுதார்.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்பீர்கள். அம்மாவை மதுரைக்குக் கொண்டு போகச் சொன்னால் கையில் வண்டி வேண்டுமே என்றுதான் நினைத்தேன். மாமியார், "தனியா போகாதே, பிள்ளையையும் கூட்டிக்கோ, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்று பர்சில் 2,000 ரூபாயைத் திணித்தார். என்னிடம் 300 இருந்தது.

காரில் உட்கார்ந்து சாவி போட்டதும்தான் அந்த 41 என்ற எண் கண்ணில் பட்டது. மேலூருக்கு 110 கிலோமீட்டர். எட்டாது. வழியில் விராலிமலை தாண்டி ஒரு ஹோட்டலில் சார்ஜ் போடும் இடம் உண்டு. போன தடவை என்னவரோடு போன போது அங்கேதான் போட்டோம். அவர் போனைக் காட்டினார், ஏறியது. நானும் மகளும் காபி குடித்தோம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எட்டரை மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். 18 சதவீதம். ஹோட்டல் முன்னால் விளக்குத் தோரணம். சார்ஜ் மெஷினோ பின்பக்கம், ஜெனரேட்டர் ஷெட் அருகே. அங்கே ஒரு விளக்கு கூட எரியவில்லை. லாரிகள் வரிசையாக நின்றன. நாலைந்து ஆண்கள் பீடி பிடித்துக் கொண்டு எங்களையே பார்த்தார்கள். மெஷினில் இரண்டு கன் இருந்தது. அதாவது பெட்ரோல் பங்க்கில் குழாய் மாதிரி, காரில் சொருகுவது. ஒன்றில் சிவப்பு விளக்கு, வேலை செய்யவில்லை. இன்னொன்றில் வேறு ஒரு கார் நின்றது. மகள் பாத்ரூம் போக வேண்டும் என்றாள். பெண்கள் கழிவறைக்குப் பூட்டு. கல்லாவில் இருந்தவரிடம் கேட்டதற்கு, சாவி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போய் விட்டாராம்.

அதை விடக் கொடுமை, அந்த மெஷினை எழுப்புவது எப்படி என்று எனக்குத் தெரியாதது. போனில் அந்தக் கம்பெனியின் ஆப் இருக்க வேண்டும், அதில் முன்கூட்டியே பணம் போட்டிருக்க வேண்டும். எல்லாம் அவர் போனில். அவரோ ரயிலில். மெஷினில் எழுதியிருந்த நம்பரைச் சொன்னால் அங்கிருந்தே ஆன் பண்ணி விடுவதாகச் சொன்னார். பாதி நம்பர் சொல்வதற்குள் லைன் கட். மறுபடி கிடைத்த போது, "ஆப் சுத்திக்கிட்டே இருக்கு, சிக்னல் இல்ல..." மறுபடி கட். சரி, என் போனிலேயே ஆப் ஏற்றலாம் என்று மகள் ஏற்றினாள். ஓ.டி.பி. வந்தது. பெயர் போட்டாள். கடைசியில் பணம் கட்டு என்றது. என் போனில் ஜிபே கிடையாது. என் ஏ.டி.எம். கார்டு பீரோவில், சேலைக்கடியில் தூங்குகிறது!

பர்சில் 2,300 ரூபாய் ரொக்கமாக இருக்கிறது. அங்கே அம்மா எப்படி இருக்கிறாரோ தெரியாது. அந்த மெஷினுக்கு ரூபாய் நோட்டு என்றால் என்னவென்றே தெரியாது. பெட்ரோல் காராக இருந்தால் 500 ரூபாயை நீட்டிப் போட்டுக் கொண்டு போயிருப்பேன். பில்லில் 200 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் இப்படி நிற்கிறோமே என்று நினைத்ததும், மகள் எதிரிலேயே அழுது விட்டேன்.

பக்கத்துக் காரில் தூங்கிக் கொண்டிருந்த டிரைவர் தம்பி எழுந்து வந்தார். 25 வயது இருக்கும். பச்சை பிளேட்டில் மஞ்சள் எழுத்து, வாடகை வண்டி. "என்னக்கா ஆச்சு?" என்றார். சொன்னேன். உடனே தன் கன்னைக் கழற்றினார். "எனக்கு 60 வந்துருச்சு, இது போதும். நீங்க போடுங்க. என் ஆப்லயே போட்டு விடறேன், காசு கையில குடுங்க." ஹோட்டல்காரரிடம் சத்தம் போட்டு, தொழிலாளர் கழிவறையைத் திறக்க வைத்ததும் அவர்தான். என் மகள் உள்ளே போய் வரும் வரை நான் வாசலில் நின்றேன்.

முக்கால் மணி நேரத்தில் 70 சதவீதம் ஏறியது. "ஃபுல்லா போட்டுக்கட்டுமா?" என்றேன். "வேணாங்க்கா, 80-க்கு மேல நத்தை மாதிரிதான் ஏறும். அவசரத்துக்குப் போறவங்க 70-லயே எடுத்துடணும்" என்றார். 13 யூனிட், யூனிட்டுக்கு 20 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மொத்தம் 306 ரூபாய் 80 காசு. நான் 400 கொடுத்தேன். மீதியைத் திருப்பித் தந்து விட்டுத்தான் கிளம்பினார். அவர் பெயரைக் கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

வண்டி வாங்கும் போது இந்த விலை வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை. வீட்டில் யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்குள் அடங்கும். பைபாஸ் மெஷினில் மூன்று ரூபாயைத் தாண்டி விடுகிறது. அப்போதும் பெட்ரோலுக்குப் பாதிதான். ஆனால், "ஓசியில ஓடுது" என்று சொந்தக்காரர்களிடம் பீற்றிக் கொள்வதை நான் நிறுத்தி விட்டேன்.

பத்தரை மணிக்கு மேல் மேலூர் ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு நினைவு திரும்பியிருந்தது. நெற்றியில் நாலு தையல், இடது மணிக்கட்டு முறிவு. என்னைப் பார்த்ததும், "நீயா ஓட்டிட்டு வந்தே? ராத்திரியிலயா?" என்றுதான் கேட்டார். வலியைச் சொல்லவே இல்லை.

மறுநாள் கிராமத்து வீட்டில் காரைச் சொருகினால் அடுத்த வம்பு. கேபிள் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது, ஏறவே இல்லை. ஐ.டி.ஐ. படிக்கும் அண்ணன் மகன் பார்த்து விட்டு, "அத்தை, இந்த வீட்டுல எர்த்தே இல்ல. எர்த் இல்லேன்னா கார் கரன்ட்டை வாங்காது" என்றான். முப்பது வருஷத்து வயரிங். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பின்பக்கம் குழி தோண்டி, பைப் இறக்கி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டி, தண்ணீர் ஊற்றி முடித்தார்கள். 3,500 ரூபாய். அன்று ராத்திரி கார் சமர்த்தாக ஏறியது. கூடவே ஒரு லாபம். ஃபிரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று அண்ணி ஒரு வருஷமாகச் சொல்லிக் கொண்டிருந்தாராம், யாரும் காதில் வாங்கவில்லை. அதுவும் நின்று விட்டது. கார் வாங்காதவர்களும் உங்கள் வீட்டு எர்த்தை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், சகோதரிகளே.

அண்ணன் மகன் இன்னொன்றும் காட்டினான். நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜ் நிலையம் வேண்டும் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியிலேயே வழிகாட்டி போட்டிருக்கிறதாம். இருக்கட்டும். மெஷின் வைத்தால் போதுமா? பக்கத்தில் ஒரு விளக்கு, பெண்களுக்குத் திறந்திருக்கும் ஒரு கழிவறை, ரொக்கம் வாங்க ஒரு ஆள் வேண்டாமா? பெட்ரோல் போட ஐந்து நிமிஷம், இதற்கு முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரம் அந்த இருட்டில் நிற்கப் போவது நாம்தானே!

திருச்சி திரும்பியதும் என்னவரிடம் சண்டை போடவில்லை. "எனக்கும் கார் ஓட்டத் தெரியும்னு வாங்கும் போது எல்லார்கிட்டயும் சொன்னீங்க. சாப்பாடு போடுற சாவியை மட்டும் உங்க போன்ல வெச்சுக்கிட்டா எப்படி?" என்று மட்டும் கேட்டேன். மனிதர் பதில் பேசவில்லை. அன்றைக்கே என் போனில் நாலு ஆப் ஏறியது, ஜிபேயும் வந்தது. ஒவ்வொரு ஆப்பிலும் இருநூறு, முந்நூறு முடங்கிக் கிடப்பது எனக்கு வயிற்றெரிச்சல்தான். இருந்தாலும் சீட்டுப் பணத்திலிருந்து நானே போட்டு வைத்திருக்கிறேன்.

மீட்டர் குறிப்பதை விடவில்லை. ஆனால் 494 ஆனாலும் 504 ஆனாலும், வண்டியில் 60-க்குக் கீழே போனால் அன்று ராத்திரி சொருகி விடுவேன். போன தடவை 522 வந்தது. பில்லைப் பார்த்து என்னவர் ஏதோ சொல்ல வாய் எடுத்தார். கையில் கட்டோடு கூடத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மாவைப் பார்த்து விட்டு, சட்டைப்பையில் மடித்து வைத்துக் கொண்டார்.

- ஒரு வாசகி, திருச்சி.