பத்து விநாடி ஓட்டம்

“நேற்று எவ்வளவு நேரம்டா விளையாடினே?” என்று ஊரப்பாக்கத்தில் எட்டு வயதுப் பையனைக் கேட்டுப் பாருங்கள். “ரொம்ப நேரம்” என்பான். அவன் அம்மாவைக் கேட்டால், “எங்கே விளையாடுறான், எந்நேரமும் போன்தான்” என்பார். இரண்டையும் நம்பி ஆய்வு நடத்த முடியாது. அதனால்தான் தீப்பெட்டி அளவிலான ஒரு கருவியை எலாஸ்டிக் பட்டையில் கோத்துப் பிள்ளைகளின் இடுப்பில் கட்டிவிடுகிறார்கள். அதன் பெயர் முடுக்கமானி. போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதுவும் இதன் வேலைதான்.

உள்ளே சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று மெல்லிய விற்சுருள் போன்ற கம்பிகளில் நிற்கிறது. உடல் குலுங்கினால் எடை சற்றே பின்தங்கும். பக்கத்துத் தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும்; அந்த மாற்றம் மின் அளவாகப் பதிவாகும். மூன்று திசைகளிலும், விநாடிக்கு முப்பது முதல் நூறு முறை. 2011 முதல் 2013 வரை 12 நாடுகளில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வில் இத்தகைய கருவியைத்தான் ஏழு நாள் இரவும் பகலும் அணியச் செய்தார்கள். இந்தியாவுக்கான மையம் பெங்களூரு.

பதிவு செய்வது சுலபம். சிக்கல் கணக்கில்தான். பெரியவர்கள் நடைப்பயிற்சி என்றால் அரைமணி நேரம் ஒரே சீராக நடப்பார்கள். பிள்ளைகள் அப்படியா? 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், 6 முதல் 10 வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேரை மூன்று விநாடிக்கு ஒருமுறை கவனித்துக் குறித்தார்கள். தீவிர அசைவு ஒன்றின் இடைநிலை நீளம் வெறும் மூன்று விநாடி.

ஓடிப்பிடித்து விளையாடும் பையன் பத்து விநாடி பாய்ந்து ஓடிவிட்டு, மீதி ஐம்பது விநாடி மூச்சு வாங்க நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அசைவுகளைக் கூட்டி, அந்த ஓட்டத்துக்குக் கருவி 900 புள்ளி தருகிறது. நேரத்தை 15 விநாடித் துண்டுகளாகப் பிரித்தால், பிள்ளைகளுக்கெனப் பரவலாகப் பயன்படும் 2008ஆம் ஆண்டு வரம்பான 574ஐ முதல் துண்டு தாண்டிவிடுகிறது; அது நல்ல உடலுழைப்பு. முழு நிமிடமாக எடுத்தாலோ வரம்பு 2296. அதே 900 அங்கே எடுபடாது. ‘லேசான அசைவு’ என்று முடிந்துவிடும். பையன் அதே பையன், ஓட்டமும் அதே ஓட்டம். 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிட நல்ல உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதை வைத்து, நம் பிள்ளைகளில் இத்தனை சதவீதம் சோம்பேறிகள் என்று செய்தி வந்தால், எத்தனை விநாடித் துண்டு என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

இடுப்புக் கருவிக்கு வேறு குறைகளும் உண்டு. டியூஷனுக்கு வியர்க்க வியர்க்க சைக்கிள் மிதிப்பவனின் இடுப்பு அதிகம் குலுங்காது; பாதி உட்கார்ந்திருந்ததாகவே எழுதிவிடும். புத்தக மூட்டையோடு மாடி ஏறும் பாரம் அதற்குத் தெரியாது. கோவளம் கடலில் குளிக்கப் போனால் பெரும்பாலும் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மணிக்கட்டில் கட்டினால் பிள்ளைகள் மறக்காமல் அணிகிறார்கள் என்பது உண்மை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்தபடி மேளம் தட்டுகிற பையன் அங்கே ஓட்டக்காரனாகிவிடுவான்.