ஏற்றத்தில் ஏமாறும் முடுக்கமானி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்து, கல்வராயன் மலையின் ஒரு சரிவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாய்வு வெறும் 5 டிகிரி. உள்ளே இருக்கும் செல்பேசியின் முடுக்கமானியை மட்டும் நம்பினால், பத்தே நொடியில் அந்தப் பேருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்!

நுண்ணிய வில்கள் தாங்கும் சிலிக்கான் துண்டுதான் இக்கருவியின் உயிர். வேகம் மாறினால் துண்டு சற்றே பின்தங்கும். அந்த இடப்பெயர்ச்சியை மின்சாரம் அளந்து சொல்லும். ஆனால் பூமியின் ஈர்ப்பும் அதே வில்லைத்தான் வளைக்கிறது. மேசைமேல் சும்மா கிடந்தாலும் கருவி 9.8 மீட்டர்/நொடி² காட்டும். அந்த 9.8 எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தே செல்பேசி தன் திரையைத் திருப்புகிறது.

அந்த 5 டிகிரி ஏற்றத்தில் ஈர்ப்பின் ஒரு பங்கு, 0.85 மீட்டர்/நொடி² அளவுக்கு, வண்டி முன்னோக்கி வேகமெடுப்பது போலவே பதிவாகிறது. முடுக்கத்தை ஒருமுறை கூட்டிக்கொண்டே போனால் வேகம். வேகத்தைக் கூட்டினால் தூரம். இரண்டு முறை கூட்டுவதால் பிழையும் நேரத்தின் வர்க்கமாகப் பெருகுகிறது. முடுக்கத்தில் 0.01 மீட்டர்/நொடி² பிழை, ஒரு நிமிடத்தில் 18 மீட்டர். பத்து நிமிடத்தில் 1,800 மீட்டர். ஆகவே இடத்தை அறியுமுன் சாய்வை அறிந்தாக வேண்டும். சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப் அதற்குத்தான். அதுவும் மெல்ல விலகும். வண்டி சீராகப் போகும் நேரத்தில் ஈர்ப்பு அதைத் திருத்தும். இருப்பிடத்தை ஜிபிஎஸ் திருத்தும்.

நிலவில் அந்த ஜிபிஎஸ் கிடையாது. 2019 வரை கள்ளக்குறிச்சியும் அடங்கியிருந்த விழுப்புரம் மாவட்டத்துக்காரர் ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, இந்தச் சிக்கலை நேராகச் சந்தித்தது. விக்ரம் தரையிறங்கு கலத்தில் லேசர் ஜைரோஸ்கோப்புகளும் முடுக்கமானிகளும் ஒரே தொகுப்பாக இருந்தன. அவற்றின் கணக்கு வழிதவறாமல் இருக்க உயரமானிகளும், நிலத்தை நோக்கிய கேமராக்களும் துணைநின்றன. வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் டாப்ளர் கருவி சந்திரயான்-2இல் இல்லாதது, இதில் புதிதாகச் சேர்ந்தது. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்குக் கலம் நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே மெதுவாக இறங்கியது.