எட்கர் டேல் எழுதாத சதவீதங்கள்

படிப்பதில் 10 சதவீதம் மனதில் நிற்கும். கேட்பதில் 20, பார்ப்பதில் 30, பார்த்துக்கொண்டே கேட்பதில் 50, வாயால் சொல்வதில் 70, சொல்லிக்கொண்டே செய்வதில் 90. ஆசிரியர் பயிற்சி வகுப்பிலோ மென்திறன் பட்டறையிலோ உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் படம் பழக்கமானதுதான். கூம்பு ஒன்று வரைந்து, அடுக்கடுக்காக எண்களைப் போட்டு, அடியில் பொடி எழுத்தில் 'டேல், 1969' என்று ஆதாரமும் காட்டியிருப்பார்கள். பள்ளிக்குக் கற்றல் செயலி விற்க வருபவரும் காட்டுவார். ஆய்வேடு எழுதுபவரும் எடுத்தாள்வார். டேலின் புத்தகத்தைத் திறந்தால் கூம்பு இருக்கிறது. சதவீதம் ஒன்றுகூட இல்லை.

எட்கர் டேல் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். கற்பித்தலில் ஒலி-ஒளிக் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றி 1946இல் அவர் எழுதிய நூலில்தான் 'அனுபவக் கூம்பு' முதலில் வந்தது. நம் பி.எட். பாடங்களிலும் அது உண்டு. அடித்தளத்தில் நேரடி அனுபவம், உச்சியில் வெறும் சொற்கள். நடுவே நாடகம், செய்துகாட்டல், களப்பயணம், கண்காட்சி, திரைப்படம், வானொலி. 1954ஆம் ஆண்டுப் பதிப்பில் தொலைக்காட்சியும் சேர்ந்தது. கண்ணால் காணும் பொருளிலிருந்து கருத்துருவம் வரை அனுபவங்களை வகைப்படுத்திக் காட்டுவதுதான் அவருடைய நோக்கம். எது உசத்தி, எது மட்டம் என்ற தரவரிசை அல்ல அது. படத்தை அப்படியே சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அவரே எச்சரித்திருக்கிறார். யாருடைய நினைவாற்றலையும் அவர் அந்தக் கூம்புக்காக அளக்கவில்லை.

அப்படியானால் எண்கள் எங்கிருந்து வந்தன? அச்சில் தெளிவாகக் கிடைக்கும் ஒரு தடயம் 1967ஆம் ஆண்டுடையது. ஒலி-ஒளித் தொழில் சார்ந்த ஒரு பத்திரிகையில் டி.ஜி. டிரைக்லர் என்பவர் இந்த வரிசையைத் தந்தார். எந்த ஆய்வு, யார் செய்தது என்று அவர் சொல்லவில்லை. பின்னாளில் யாரோ அந்த எண்களை டேலின் கூம்பில் ஏற்றிவிட்டார்கள். 'கற்றல் பிரமிடு' என்று இதற்கு ஒரு தம்பியும் உண்டு: விரிவுரை 5 சதவீதம், வாசிப்பு 10, பிறருக்குக் கற்பித்தல் 90. அமெரிக்காவின் தேசியப் பயிற்சி ஆய்வகம் என்ற நிறுவனத்தின் பெயரில் உலவுவது அது. 1960களின் தொடக்கத்தில் மெய்ன் மாநிலத்து பெத்தேல் வளாகத்தில் ஆய்வு நடந்ததாகவும், மூல ஆய்வு தம்மிடம் இப்போது இல்லை என்றும் அந்த நிறுவனமே பதில் சொல்லியிருக்கிறது.

ஆதாரத்தைத் தேடாமலேயே எண்களைச் சந்தேகித்திருக்கலாம். உண்மையான சோதனையில் 23, 47 என்றெல்லாம் வரும். இங்கே எல்லாம் உருண்டையான எண்கள். யார் படித்தார்கள், எதைப் படித்தார்கள், எத்தனை நாள் கழித்துக் கேட்டார்கள் என்ற விவரம் இல்லை. திருக்குறளை மனப்பாடம் செய்வதும் கார் ஓட்டப் பழகுவதும் ஒரே அளவுகோலுக்கு எப்படி அடங்கும்?

இதைவிட வேடிக்கை, இந்தப் படத்தின் ஒரு வடிவத்தில் மிச்சலீன் சி என்ற அறிவாற்றல் உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வு ஆதாரமாகக் காட்டப்பட்டது. எடுத்துக்காட்டுக் கணக்குகளை மாணவர்கள் எப்படித் தமக்குத் தாமே விளக்கிக்கொள்கிறார்கள் என்பது பற்றிய நல்ல ஆய்வு அது. இந்த வரைபடத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வில் தால்ஹைமர் என்ற ஆய்வாளர் சியிடமே விசாரித்தபோது, அந்த வரைபடம் தம்முடையது அல்ல என்றார். 2014இல் தீபக் சுப்ரமணி, மைக்கேல் மொலெண்டா, அந்தோனி பெட்ரஸ், தால்ஹைமர் ஆகியோர் கல்வித் தொழில்நுட்பத்துக்கென்றே நடந்த ஓர் இதழில் முழு வரலாற்றையும் தோண்டி எழுதினார்கள். படம் மட்டும் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

காரணம் எளிது. பெரும்பாலோர் மூலத்தை எடுப்பதில்லை. இன்னொருவருடைய கட்டுரையின் கடைசிப் பக்கத்திலிருந்து நூல் பட்டியலை எடுத்துக்கொள்கிறார்கள். 2003இல் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் இதைச் சாமர்த்தியமாகக் கண்டுபிடித்தார்கள். புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் செய்த அச்சுப் பிழைகளை எடுத்து, ஒரே பிழை எத்தனை இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணினார்கள். பக்கத்து மாணவனின் விடைத்தாளைப் பார்த்து எழுதியவன் அவனுடைய தப்பையும் சேர்த்தே எழுதுவது போலத்தான். மேற்கோள் காட்டுபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே மூலத்தைப் படித்திருப்பார் என்பது அவர்கள் மதிப்பீடு.

முறையாகச் சான்று காட்டுவது என்றதும் காற்புள்ளி, சாய்வெழுத்து பற்றிய கவலைதான் மாணவர்களுக்கு வருகிறது. வழிகாட்டிகளும் அதைத்தான் அதிகம் திருத்துகிறார்கள் என்பது என் எண்ணம். அந்த வடிவத்தை ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மென்பொருளால் ஆகாதது, படித்ததை மட்டும் படித்ததாகச் சொல்வது. டேலின் நூல் கிடைக்காமல் சுப்ரமணி குழுவின் கட்டுரை வழியே அதை அறிந்தால், வாக்கியத்தில் இரண்டையும் குறிக்க வேண்டும். பட்டியலில் படித்த கட்டுரை மட்டுமே வர வேண்டும். நூல் என்றால் பக்க எண் கொடுப்பது நல்லது. 'டேல், 1969, பக்கம்?' என்று ஒருவர் கேட்டிருந்தாலே இந்தச் சதவீதங்கள் அன்றே நின்றிருக்கும். ஆதாரம் எந்த வகை என்பதும் முக்கியம். சக ஆய்வாளர்கள் பரிசீலித்த ஆய்விதழும், செயலி விற்கும் நிறுவனம் தானே வெளியிட்ட அறிக்கையும் ஒரே எடை அல்ல.

இப்போது சாட்பாட்களும் பட்டியல் எழுதித் தருகின்றன. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து அண்ட் லாப்ரடார் மாகாணம் 2025 ஆகஸ்டில் ஒரு கல்விச் சீர்திருத்த அறிக்கையை வெளியிட்டது. அதில் குறைந்தது 15 ஆதாரங்கள் உலகில் இல்லாதவை என்று செய்தி வந்தது. அவற்றில் ஒன்று, 2008இல் அந்நாட்டுத் திரைப்பட வாரியம் எடுத்ததாகச் சொன்ன ஒரு படம். சான்று எழுதும் விதத்தை மாணவர்களுக்குக் காட்ட, விக்டோரியா பல்கலைக்கழகத்தின் வழிகாட்டி கற்பனையாகப் போட்டிருந்த மாதிரி வரி அது! செயற்கை நுண்ணறிவு எழுதியதோ என்ற சந்தேகம் இயல்பாகவே எழுந்தது. அந்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று, பள்ளிகளில் செயற்கை நுண்ணறிவை அறநெறியோடு பயன்படுத்துவது.

பெரும்பாலான ஆய்விதழ்கள் இன்று ஒவ்வொரு கட்டுரைக்கும் டிஓஐ என்ற நிரந்தர எண் தருகின்றன. அதை இணையத்தில் இட்டால் கட்டுரையின் பக்கமே திறக்கும். ஆனால் எண் திறந்துகொண்டது என்பதோடு விட்டுவிடக் கூடாது. சாட்பாட் தரும் எண் சில வேளை மெய்யானதாகவே இருந்து, சம்பந்தமில்லாத வேறொரு கட்டுரைக்குக் கொண்டுபோய் விடும். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மூன்றையும் ஒத்துப் பார்த்து, நாம் சொல்லப்போகும் கருத்து எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் படிக்கத்தான் வேண்டும்.