அடுப்புப் புகையும் ஆகாயமும்

மார்கழி, தை மாதங்களில் புதுச்சேரியின் பாகூர் ஏரிக்கரைமீது விடியற்காலையில் நடந்து செல்பவர்கள், தென்னந்தோப்புகளின் உச்சியை ஒட்டிச் சாம்பல் நிறப் படலம் ஒன்று மேலே எழும்பாமலும் கீழே இறங்காமலும் நெடுநேரம் தங்கி நிற்பதைக் கண்டிருப்பார்கள். பனி என்று சொல்லிவிட்டு நாம் அதனைக் கடந்து போய்விடுகிறோம். ஆனால் வீட்டுப் பின்கட்டுகளில் வெந்நீருக்கென மூட்டிய அடுப்புகளின் புகையும், தெருமுனையில் கொளுத்திய குப்பையின் புகையும் அந்தப் பனியோடு கலந்து நிற்கின்றன. இரவில் தரை குளிர, அதனையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிட, அதற்கு மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவே இருப்பதால், புகை மேலே செல்ல வழியின்றி மனிதர் சுவாசிக்கும் உயரத்திலேயே அடைபட்டுவிடுகிறது. வெயில் ஏறிக் கடற்காற்று உள்ளே புகுந்த பின்னரே அது கலைகிறது.

சிதம்பரத்தில் பயின்ற விஞ்ஞானி

இந்தப் புகையை ஓர் ஊரின் விஷயமாகக் கருதாமல், உலகத்தின் வாயுமண்டலத்தையே பாதிக்கும் விஷயமாக எடுத்துக்காட்டியவர்களில் முதன்மையானவர், 1944-இல் சென்னையில் பிறந்து, பாகூருக்குத் தெற்கே கடலூரைத் தாண்டிச் சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்ரன் ராமநாதன் ஆவார். குளிர்சாதனப் பெட்டிகள் சம்பந்தமான தொழிற்சாலையொன்றில் சில காலம் பணியாற்றிவிட்டு அமெரிக்கா சென்ற அவர், அதே பெட்டிகளில் குளிர்விக்கப் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள், கரியமில வாயுவைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு வன்மையுடன் வெப்பத்தைச் சிறைப்பிடிக்கின்றன என்று 1975-இல் நிரூபித்தார்.

நமக்கு மிக நெருக்கமானது அவருடைய பிற்கால ஆராய்ச்சி. 1999-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனுடன் சேர்ந்து அவர் தலைமை தாங்கிய இந்தியப் பெருங்கடல் ஆய்வில், பல நாட்டு விஞ்ஞானிகள் விமானங்களாலும் கப்பல்களாலும் மாலத்தீவில் அமைத்த ஆய்வு நிலையத்தாலும் காற்றைச் சோதித்தார்கள். நிர்மலமாக இருக்கவேண்டிய கடலின்மேல், சுமார் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை, பழுப்பு நிறப் படலம் ஒன்று பல லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடந்ததைக் கண்டார்கள். பனிக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்று, தெற்காசியாவின் அடுப்புகளும் வாகனங்களும் ஆலைகளும் வயல் தீயும் கக்கிய துகள்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

புகையும் மழையும்

காற்றில் மிதக்கும் இத்தகைய சூக்ஷ்மத் துகள்களை விஞ்ஞானிகள் ஏரோசால் என்பார்கள். கந்தகப் புகையிலிருந்து பிறப்பவை வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. விறகும் டீசலும் அரைகுறையாக எரிந்து உண்டாகும் கரித்துகளோ, வெயிலை உறிஞ்சி ஆகாயத்தைச் சூடேற்றுகிறது. இரண்டு வழியாலும் தரைக்கும் கடலுக்கும் வந்து சேரும் வெயில் குறைகிறது. கடல் நீர் ஆவியாவது தளர்கிறது. மேகத்தில் துகள்கள் மிகுந்தால், நீர் பல சிறு துளிகளாகப் பிரிந்து, மழைத்துளியாகத் திரண்டு விழக் காலதாமதமாகிறது. பருவமழையை இப்படலம் பலவீனப்படுத்துகிறது என்று 2005-இல் ராமநாதனும் அவர் சகாக்களும் எழுதினார்கள்; இந்தியாவின் நெல் விளைச்சலை இது குறைத்திருக்கிறது என்று மறு வருடமே மற்றோர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்று, சொர்ணவாரி, சம்பா, நவரை என்று வானத்தைப் பார்த்தே வருஷத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பாகூர் கொம்யூனுக்கு இந்தச் செய்தி பிறத்தியார் செய்தியன்று.

ஆறுதலான விஷயமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் ஆகாயத்தில் தங்குகிறது. கரித்துகளோ சில நாட்களில், மிஞ்சினால் ஓரிரு வாரங்களில், மழையோடு கீழே வந்துவிடுகிறது. ஆகவே இன்று புகையைக் குறைத்தால், அதன் பலனை நம் தலைமுறையிலேயே காணலாம். தம் பாட்டி விறகடுப்பின் முன் இருமியபடி சமைத்ததைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்து பேசிய ராமநாதன், இந்த நம்பிக்கையினால்தான் ‘சூரியா’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, வட இந்தியக் கிராமத்து வீடுகளில் புகை குறைந்த அடுப்புகளைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்.

சரீரத்துக்குள் நடப்பது

சாலைப் புழுதியின் பருத்த துகள்களை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கேயான, இரண்டரை மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகளோ, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று தங்குகிறது. அவற்றிலும் மிகச் சிறியவை இரத்தத்திலேயே கலக்கின்றன. ஆஸ்துமா, நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் ஆகியவற்றோடு மாரடைப்பும் பக்கவாதமும் மிகுவதற்குக் காரணம் இதுவே. வெளிக்காற்றின் மாசு புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013-இல் அறிவித்தது. வீட்டுக்குள் எழும் புகையினால் மட்டும் 2020-இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராம் நுண்துகளுக்கு மேல் இருத்தல் ஆகாது என்பது அதன் அறிவுரை. நம் நாட்டு விதியோ 40 வரை அனுமதிக்கிறது. அந்த இடைவெளியை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

அண்டை ஜில்லாவில் ஒரு பரிசோதனை

புதுச்சேரியின் வில்லியனூரை அடுத்த விழுப்புரம் மாவட்டத்திலும் நாகப்பட்டினத்திலும், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியை கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் பங்கேற்ற பரிசோதனை ஒன்று நடந்தது. இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்குச் சமையல் எரிவாயுவை இலவசமாக வழங்கினார்கள். எரிவாயு பெற்றவர்கள் சுவாசித்த நுண்துகள், விறகில் சமைத்தவர்களோடு ஒப்பிடுகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகத் தாழ்ந்தது. ஆயினும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றே 2022-இல் முடிவு வெளிவந்தது. இதனைக் கொண்டு புகை தீங்கற்றது என்று கொள்வது தவறு. கருவுற்ற பின்னரே எரிவாயு கைக்கு வந்தது; நாற்பது வருஷம் அடுப்பூதிய பெண்ணின் நுரையீரலைக் குழந்தையின் எடை பற்றிய அந்தக் கேள்வி அளக்கவும் இல்லை. சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊதாங்குழலுக்காக ஒவ்வொரு முறை குனியும்போதும் புகையின் நடுவே முகத்தை வைக்கும் அந்தப் பெண்மணிக்கு, மூன்றில் இரண்டு பங்கு புகை ஒழிவது சிறிய நன்மையன்று.

நம் வீட்டிலும் வயலிலும்

சமையலுக்கு எரிவாயு வந்துவிட்ட வீடுகளிலும், குளிக்க வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் சவுக்கு விறகும் தென்னை மட்டையும் எரிகின்றன. அவ்வடுப்பை ஜன்னலுக்கும் திண்ணைக்கும் எட்டவே வைத்து, ஈர விறகைத் தவிர்த்து, மூட்டும் நேரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ளாதிருந்தாலே தீங்கு ஓரளவேனும் குறையும். பற்றவைக்கப் பிளாஸ்டிக் பையைப் போடும் வழக்கத்தை அறவே விடவேண்டும். அதிலிருந்து டையாக்சின் போன்ற நஞ்சுகள் எழக்கூடும். போகியன்று டயரைக் கொளுத்துவதும் இதே குற்றம். 2018-இல் போகிப் புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்களே தடைப்பட்டன.

நம் பக்கத்தில் வைக்கோலுக்கு மாட்டுத் தீவனமாக விலை உண்டு என்பதால் அதனை எரிப்பவர் குறைவு. கரும்புச் சோகைதான் தீக்கிரையாகிறது. அதனைப் பார்களுக்கு இடையே பரப்பிவிட்டால் ஈரம் காத்து, களையை அடக்கி, மக்கி உரமாகிறது.

கழனி சூழ்ந்த ஊர்களில் கொசுவர்த்திச் சுருளில்லாத வீடு அரிது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவடைத்த அறையில் கைக்குழந்தைக்கருகே அதனை ஏற்றுவதைக் காட்டிலும் கொசுவலை ஆயிரம் மடங்கு மேல்.

மருத்துவரிடம் செல்லவேண்டிய வேளை

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், விடியற்காலையில் நெஞ்சில் விசில் போன்ற ஒலி, படியேறும்போது முன்பில்லாத மூச்சிரைப்பு ஆகியவற்றை வயதின் கோளாறு என்று தள்ளிவிடலாகாது. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லையென்று தெளிந்துகொள்ளவேண்டும். பின்னர் மூச்சை ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை நுரையீரலின் நிலையைச் சொல்லும். பீடி தொட்டறியாத பெண்களுக்கும் சுவாச அடைப்பு நோய் வரும் என்பதால், எத்தனை வருஷம் விறகில் சமைத்தோம் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லவேண்டும். குழந்தை வேகமாக மூச்சுவிட்டு விலாப்புறம் உள்ளிழுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். இன்ஹேலரை ஒருமுறை தொட்டால் ஆயுள் முழுதும் அடிமையாகிவிடுவோம் என்னும் பயம் நம் ஊர்களில் பலமாக இருக்கிறது, அது ஆதாரமற்றது. மாத்திரையைக் காட்டிலும் மிகச் சொற்ப அளவு மருந்தை நுரையீரலுக்கே நேராகச் சேர்ப்பதனால், பக்கவிளைவு குறைந்த வழி அதுவே.